டீயும் சிவப்பு மாத்திரையும்

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். நர்ஸ் கொடுத்த சிவப்பு மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கலாமா? இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் எதற்கு?
– ஒரு வாசகி, கீழ் கோத்தகிரி

டீயோடு மட்டும் வேண்டாம், அம்மா. தேயிலைக்கு நடுவில் குடியிருப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வையுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் உங்கள் மலைக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களைக் கர்ப்பத்தில் வாட்டிய ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929 கோடையில் அந்த வேலையைக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் தொடர்ந்தார். கடைசியில் அந்தப் பெண்களைத் தேற்றியது எது தெரியுமா? வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு! 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டுக்குள் ஒளிந்திருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். அதற்குப் பெயர் கிடைக்கவே இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

உங்களுக்கு மார்மைட் தேவையில்லை. மாத்திரை 180 நாள். ஒரு நாளும் விடாதீர்கள்.