முதுநிலைச் சேர்க்கையும் சமூகப் பன்மையும்

நாளைய கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சியாளர், சிறப்பு மருத்துவர் ஆகியோர் இன்றைய முதுநிலை வகுப்புகளிலிருந்தே உருவாகின்றனர். எனவே, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இவ்வகுப்புகளுக்கு யாரைத் தெரிந்தெடுக்கிறது என்பது சமுதாயம் முழுவதையும் பற்றிய வினாவாகும். பெங்களூரு நகரின் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் இவ்வினா தனித்ததொரு வடிவம் கொள்கிறது.

ரிச்சர்ட்ஸ் டவுன் பழைய கன்டோன்மென்டின் ஒரு பகுதி. 1809-ஆம் ஆண்டில் கன்டோன்மென்ட் நிறுவப்பட்ட பின், படையினரைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தின் தமிழ் மக்கள் பெருமளவில் இங்குக் குடியேறினர். பிரிட்டிஷ் நிர்வாகத்திலிருந்த இந்நிலப்பகுதி 1947-இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் இங்கு வாழும் மாணவரின் கல்வி வாய்ப்புகளை அவ்வரசின் விதிகளே நிர்ணயித்தன.

விதிகள் வளர்ந்த வரலாறு

மைசூர் சமஸ்தானம் 1918-இலேயே மில்லர் குழுவை நியமித்து, அரசுப் பணிகளில் பிற்பட்ட சமூகங்களின் இடத்தை ஆராய்ந்தது. 1962 ஜூலையில் மைசூர் மாநில அரசு பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் 50 விழுக்காடு பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர் ஆகியோருக்கும், 15 விழுக்காடு பட்டியல் வகுப்பினருக்கும், 3 விழுக்காடு பழங்குடியினருக்கும் உரியவை. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டிலேயே இவ்வாணையைச் செல்லாததாக்கியது. சாதி மட்டுமே பிற்பட்ட நிலைக்கு அளவுகோலாகாது என்றும், ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் அது கூறியது. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964-இல் தோன்றியது. 1972-இல் அமைக்கப்பட்ட ஹாவனூர் ஆணையம் 1975-இல் தன் அறிக்கையை அளித்தது.

தகுதிப் பட்டியல் தயாராகும் முறை

ஒதுக்கீட்டைப் பற்றிய தவறான கருத்து ஒன்று பரவலாக உள்ளது. பொது இடங்கள் என்பவை முன்னேறிய வகுப்பினருக்கான ஒதுக்கீடு அல்ல. அவை அனைவருக்கும் உரியவை. எடுத்துக்காட்டாக, ஒரு முதுநிலை வகுப்பில் 40 இடங்களும், அவற்றுள் 20 பொது இடங்களும் உள்ளன எனக் கொள்வோம். முதல் 20 பேர் மதிப்பெண் வரிசைப்படியே தெரிவு செய்யப்படுவர். அவர்களுள் பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவர் தம் மதிப்பெண்ணால் இடம்பெறின், அவர் பொது இடத்தையே பெறுகிறார். அவ்வகுப்பினருக்கான ஒதுக்கீட்டில் ஓரிடமும் குறையாது. 2020-இல் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நெறியை மீண்டும் வலியுறுத்தியது.

குடிபெயர்ந்தோர் நிலை

ஒரே தெருவில் வாழும் இரு ஆதி திராவிட மாணவர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவரின் பாட்டனார் 1950-க்கு முன்பே கன்டோன்மென்டில் நிலையாகக் குடியிருந்தவர். மற்றவரின் குடும்பம் 1970-இல் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தது. இருவரும் ஒரே பள்ளியில் பயின்று, ஒரே மதிப்பெண் பெற்றிருக்கலாம். ஆயினும் மாநில ஒதுக்கீட்டில் முதலாமவருக்கே இடமுண்டு.

பட்டியல் வகுப்பினர் யார் என்பதை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஆணை ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே வரையறுத்ததே இதற்குக் காரணம். மாநில எல்லை கடந்து குடிபெயர்பவர் அத்தகுதியைத் தம்முடன் எடுத்துச் செல்ல இயலாது என 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எனினும், தந்தையின் சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு, புதிய மாநிலத்தின் அதிகாரியே குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழை வழங்கலாம் என மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியுள்ளது. 1909-இல் பெங்களூருவில் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் இச்சான்றிதழ் பயன்படும். இதனை அறியாததால் வாய்ப்பை இழப்பது தவிர்க்கக்கூடிய இழப்பாகும்.

மதிப்பெண்ணும் தகுதியும்

முதுநிலைக் கட்டத்தில் தகுதி ஒன்றே போதும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. போட்டித் தேர்வின் மதிப்பெண், சிலருக்குக் கிட்டிய சமூக, பொருளாதார வசதிகளை வெளிக்காட்டுவதில்லை என 2022-இல் நீல் ஆரேலியோ நூனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, முதுநிலை மருத்துவப் படிப்பில் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை ஏற்றது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், முதுநிலை மருத்துவ இடங்களை மாநில வசிப்பிட அடிப்படையில் ஒதுக்குதல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. சமூக நீதிக்கான ஒதுக்கீடு வேறு, பிறந்து வாழும் மாநிலம் பற்றிய சலுகை வேறு என்பது இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே நோக்கின் புலனாகும்.

செய்யத்தக்கவை

ஒதுக்கீடு இடங்களைத் திறந்து வைக்கும். அவ்விடம் வரை மாணவரை அழைத்துவராது. இளநிலை இறுதியாண்டிலேயே சான்றிதழ் பற்றிய விளக்கத்தைக் கல்லூரிகள் அளித்தல் வேண்டும். தாசில்தார் அலுவலகங்கள் பழைய பள்ளிப் பதிவேடு, குடியிருப்பு ஆவணம் ஆகியவற்றைப் பரிவுடன் ஆராய்ந்து, சேர்க்கைக் காலத்திற்கு முன்பே முடிவு கூறுதல் நன்று. பல்கலைக்கழகங்கள் துறைவாரியாக, விண்ணப்பித்தோர், சேர்ந்தோர், படிப்பை நிறைவு செய்தோர் ஆகிய மூன்று கணக்குகளையும் ஆண்டுதோறும் வெளியிடலாம். எந்தப் படியில் மாணவர் நின்றுவிடுகின்றனர் என்பதை அக்கணக்குகளே காட்டும். அதனை அறிந்த பின்னரே, விடுதி வசதி, உதவித்தொகை, மொழிப் பயிற்சி ஆகியவற்றுள் எது முதலில் தேவை என்பதைத் தீர்மானிக்க இயலும்.