எழுதி முடிச்சாச்சு, இனிமேல்தான் வேலை!



டிரான்ஸ்ஃபார்மர் பிரீதரில் உள்ள சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா, ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகிவிட்டதா என்று பார்ப்பது எலக்ட்ரிக்கல் மாணவனுக்குப் பாலபாடம். எண்ணெய் விடாமல் லேத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் மாணவனிடம் கேட்கவே வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று வந்துவிட்டால் மட்டும், "அதுக்கென்ன தேய்மானமா? ஒரு தடவை ஓடிடுச்சுன்னா ஓடிக்கிட்டே இருக்கும்" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம்.

மென்பொருள் தேயாது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. அது மருத்துவமனையில் ஓடும் மென்பொருளாக இருந்தால், அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு விலை கொடுப்பவர் நோயாளி. இந்தப் பராமரிப்பை ஓர் உண்மையான உதாரணத்தோடு பார்ப்போம்.

ஓப்பன்எம்ஆர்எஸ்

ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அந்த வகையைச் சேர்ந்த மருத்துவப் பதிவேட்டு மென்பொருள்தான் ஓப்பன்எம்ஆர்எஸ். கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. நோயாளிகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று பெருகியபோது, காகிதக் கோப்புகளால் சமாளிக்க முடியவில்லை. 2004-ல் அமெரிக்காவின் ரீஜென்ஸ்ட்ரீஃப் நிறுவனமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் கைகோத்து இம்முயற்சியைத் தொடங்கின. 2006-ல் எல்டோரெட்டிலும், அதே ஆண்டில் ருவாண்டாவிலும் இது பயன்பாட்டுக்கு வந்தது. நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநிலம் கனியாரி கிராமத்து மருத்துவமனையில் வளர்ந்த பாம்னி மென்பொருளும் இதன் மேல் கட்டப்பட்டதே.

நான்கு வகைப் பராமரிப்பு

1976-ல் ஸ்வான்சன் என்பவர் மென்பொருள் பராமரிப்பை மூன்று வகையாகப் பிரித்தார். தடுப்புப் பராமரிப்பு என்பது பின்னர் நான்காவதாகச் சேர்ந்தது.

1. பிழை திருத்தம்: குழந்தையின் எடை 8.5 கிலோ என்பது, புள்ளி விட்டுப்போய் 85 என்று பதிவானதாக வைத்துக்கொள்வோம். எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. பத்து மடங்கு மருந்து போய்விடும்! ஓப்பன்எம்ஆர்எஸ்-ல் ஒவ்வொரு அளவுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை வைக்கலாம். ஆனால் 85 என்பது பெரியவர்களுக்குச் சரியான எடை ஆயிற்றே! ஒரே எல்லை இருந்தால் இந்தப் பிழை நழுவிவிடும். வயதையும் சேர்த்துச் சோதிக்கணும். இப்படிப்பட்ட ஓட்டைகள் கல்லூரி லேபில் தெரிவதில்லை. பல மாதம் பயன்பட்ட பிறகுதான் தெரியும்.

2. மாற்றத்துக்கு ஏற்ற திருத்தம்: இதுதான் மிக முக்கியம். இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 350-க்குக் குறைந்தால் எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2013-ல் அந்த எல்லை 500 ஆயிற்று. 2015-ல், எண்ணிக்கை எதுவானாலும் நோயுள்ள அனைவருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்றாகிவிட்டது. 350 என்று எழுதி வைத்த ஒரு புரோகிராமை யாரும் தொடாமல் விட்டிருந்தால்? அது பழுதாகாது, நிற்காது, எர்ரர் எதுவும் காட்டாது. ஜம்மென்று ஓடிக்கொண்டே, மருந்து பெற வேண்டியவரை "உனக்கு இன்னும் நேரம் வரலை" என்று திருப்பி அனுப்பும். ஒரு வரிகூட மாறாத நிரல், ஐந்தே ஆண்டில் தவறான நிரலாகிவிடும்!

3. மேம்படுத்தல்: டாக்டர்கள் புதிது புதிதாகக் கேள்விகளைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் டேபிளில் புதிய காலம் சேர்த்துக்கொண்டே போனால் கட்டுப்படியாகாது. அதனால் ஓப்பன்எம்ஆர்எஸ்-ல் கேள்விகளெல்லாம் ஒரு சொல் அகராதியில் இருக்கும். அகராதியில் ஒரு பதிவு சேர்த்தால் போதும். நிரலைத் தொட வேண்டியதில்லை. தவறான பதிவையும் அழிப்பதில்லை. "செல்லாது" என்று குறித்து, யார், எப்போது, ஏன் செய்தார் என்பதையும் எழுதி வைக்கிறது. பழைய ஆஸ்பத்திரி நோட்டில் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்களே, அதே முறைதான்.

4. தடுப்புப் பராமரிப்பு: 2017 மே மாதம் வான்னாகிரை வைரஸ் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளைத் தாக்கியது. 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. இத்தனைக்கும் விண்டோஸுக்கான தடுப்புத் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது! போடத்தான் ஆளில்லை. விண்டோஸ் ஓப்பன் சோர்ஸ் அல்ல. ஆனால் பாடம் இருவருக்கும் ஒன்றே. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஓப்பன் சோர்ஸ் நூலகத்தில் பெரிய ஓட்டை தெரிந்தபோது, உலகெங்கும் ஜாவா புரோகிராம் வைத்திருந்தவர்கள் தூக்கம் கெட்டார்கள். நம் நிரலுக்குள் பிறர் எழுதிய நிரல் எது எது இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தவர் சீக்கிரம் தப்பித்தார்.

மையத்தைத் தொடாதே!

ஓப்பன் சோர்ஸில் ஓர் ஆபத்து உண்டு. மூலம் கையில் கிடைத்ததும், "நம்ம ஆஸ்பத்திரிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்" என்று மையத்திலேயே கை வைத்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் புதிய பதிப்பு வரும். அதைப் போட்டால் தன் மாற்றங்கள் போய்விடும். போடாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது. இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான். ஆகவே சொந்தத் தேவைகளைத் தனி மாட்யூலாக எழுதுவது நல்லது. ஓப்பன்எம்ஆர்எஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளது. எல்லோருக்கும் பயன்படும் திருத்தமாக இருந்தால், அதை மையக் குழுவுக்கே அனுப்பிவிட வேண்டும். நாம் மட்டும் வைத்துக்கொண்டால், அதை என்றைக்கும் நாமேதான் சுமக்கணும்.

ஆள் பஞ்சம்

புதிதாக ஒன்று செய்ய நிதி கிடைக்கும், திறப்பு விழா நடக்கும், போட்டோ வரும். பழையதைச் சரிபார்க்க நிதி கேட்டால், "அதான் ஓடுதே!" என்பார்கள். ஒரு திட்டத்தின் நுணுக்கமெல்லாம் ஒரே ஒருவர் தலையில் இருந்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் திட்டமே அநாதை. இதற்கு மருந்து மூன்று: செய்ததை எழுதி வைப்பது, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பது, புதியவரை வளர்ப்பது. ஓப்பன்எம்ஆர்எஸ் குழு புதியவர்களுக்கென்றே எளிய பிழைகளைத் தனியே குறித்து வைக்கிறது. கூகுள் நடத்தும் கோடைக்காலத் திட்டத்தின் மூலமும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.

நாம் என்ன செய்யலாம்?

"டிப்ளமோ படிக்கிற நமக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று தயங்க வேண்டாம். பெரிய நிரல் எழுத வேண்டும் என்பதில்லை.

ஒரு பிழையை மறுபடி வரவழைத்து, எந்த வரிசையில் அழுத்தினால் வருகிறது என்று தெளிவாக எழுதுங்கள். நிறுவும்போது கையேட்டில் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தீர்களோ, அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்புங்கள். திரையில் வரும் சொற்களை நர்ஸ் அக்காவுக்குப் புரியும் தமிழில் மாற்றுங்கள். முக்கியமான ஒன்று: சோதனைக்கு உண்மையான நோயாளியின் விவரங்களை ஒருபோதும் எடுக்காதீர்கள், கற்பனைப் பெயர்களே போதும்.

இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஆண்டுதோறும் புதிய "ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்" எழுதி, வைவா முடிந்ததும் அலமாரியில் போட்டுப் பூட்டுகிறோம். அதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் ஒரே ஒரு பிழையைத் திருத்தினால் என்ன? நம் பெயர் பெரிதாக வராது. ஆனால் எங்கோ ஒரு கிராமத்து மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குச் சரியான அளவு மருந்து போய்ச் சேரும். தொழில்நுட்பம் படித்தவனுக்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் உண்டா?