பனித்துகள் மோதலும் கரிம மூலக்கூறும்

வேதியியல் செய்முறை வகுப்பில் ஒரு கரிமச் சேர்மத்தை நம் கையில் கொடுத்து, அது யாதெனக் கண்டறியச் சொல்வார்கள். நாமும் கரைத்தும் சூடேற்றியும் அதன் இனத்தைக் கண்டுகொள்கிறோம். ஆனால் ஆராய வேண்டிய பொருள் கண்ணுக்குப் புலப்படாத பனித்துகளாக, துப்பாக்கிக் குண்டினும் பன்மடங்கு வேகத்தில் வந்து மோதினால்? மூலக்கூறு சிதைந்து போகாதா? என் உள்ளத்தில் எழுந்த இந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

சனிக்கோளின் துணைக்கோள்களுள் என்செலடஸ் ஒன்று. அதன் விட்டம் ஏறத்தாழ 500 கி.மீ. தான். 2004-இல் சனியை அடைந்த காசினி விண்கலம், இத்துணைக்கோளின் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிட்டெழுவதை 2005-இல் கண்டறிந்தது. பனி ஓட்டின் அடியில் உப்புநீர்க் கடல் உள்ளது. அதன் துளிகளே உறைந்து துகள்களாக வெளிப்படுகின்றன. எனவே பனியைத் துளைக்காமலே அக்கடல்நீரைச் சோதிக்க வழி பிறந்தது.

காசினியில் இருந்த அண்டத்தூசு ஆய்வுக்கருவியில் ரோடியம் உலோகத்தாலான தகடு ஒன்று உண்டு. துகள் அதன்மீது மோதியதும் ஆவியாகி, அதன் ஒரு பகுதி அயனிகளாகிறது. மின்புலம் அவ்வயனிகளை உணர்கருவியை நோக்கி விரட்டுகிறது. இலேசான அயனி முன்னே வரும். கனமானது பின்னே வரும். வந்து சேரும் நேரத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிடலாம். இதுவே நிறை நிறமாலைமானியின் தத்துவம்.

இனி, மோதும் வேகத்தைப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 4.2 கி.மீ. வேகத்தில் ஒரு நீர் மூலக்கூறின் ஆற்றல் ஏறத்தாழ 1.6 எலக்ட்ரான் வோல்ட், 18 கி.மீ. வேகத்திலோ ஏறத்தாழ 30. இரு கார்பன் அணுக்களுக்கிடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 போதும். மோதலின் ஆற்றல் முழுவதும் ஒரே பிணைப்பில் சென்று சேர்வதில்லை. எனினும் இந்த ஒப்பீடு நிலைமையை விளக்குகிறது. தேங்காயை மெல்லத் தட்டினால் உடையாது. ஓங்கி அடித்தால் சிதறிவிடும். பக்குவமான அடி வேண்டும்.

அப்பக்குவத்தை அமெரிக்காவின் சான்டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினர். அமினோ அமிலங்கள் கலந்த நுண்பனித்துகள்களை மோதவிட்டு, விநாடிக்கு 4.2 கி.மீ. வரை அம்மூலக்கூறுகள் சிதையாமல் கிடைப்பதை 2023-இல் வெளியிட்டனர்.

அப்படியானால் மிகுவேக மோதல் பயனற்றதா? இல்லை. 2008-இல் காசினி விநாடிக்கு ஏறத்தாழ 18 கி.மீ. வேகத்தில் பீறலின் ஊடே சென்றபோது பதிவான தரவுகளை ஆராய்ந்து, 2025-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். குறைந்த வேகத்தில் நீர் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கரிமப் பொருள்களின் குறிகளை மறைத்துவிடும். மிகுவேகத்தில் அக்கொத்துகள் உருவாகாமையால், எஸ்டர், ஈதர் போன்ற வகைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டன. ஒரு வேகத்தில் மறைவது மற்றொரு வேகத்தில் தெரிகிறது!

எனினும் முழு மூலக்கூறுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கரிமச் சேர்மம் இருப்பதாலேயே உயிர் உண்டு எனக் கூறிவிட முடியாது. 1969-இல் ஆஸ்திரேலியாவில் முர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. ஆனால் உயிரினங்கள் ஆக்கும் கொழுப்பு அமிலங்களில் கார்பன் அணுக்கள் பெரும்பாலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் அமைகின்றன. சங்கிலி அறுந்துவிட்டால் இக்கணக்கை எங்ஙனம் காண்பது?

2024 அக்டோபர் 14-இல் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர், 2030-இல் வியாழனை அடைந்து, அதன் துணைக்கோளான யூரோப்பாவை அணுகிக் கடக்கும்போதெல்லாம் துகள்களை ஆராய இருக்கிறது. அக்கருவி நேர்மின் அயனிகளோடு எதிர்மின் அயனிகளையும் அளக்க வல்லது; கொழுப்பு அமிலங்கள் எதிர்மின் அயனிகளாகவே நன்கு புலப்படும். கடக்கும் வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கி.மீ. வரை. ஆய்வுக்கூடம் காட்டிய பக்குவத்திற்கு அது மிக அருகில் உள்ளது என்பதே எனக்கு நம்பிக்கை ஊட்டுகிறது.