சிங்கப்பூர் கிளம்புறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி பணத்தை ரெடி பண்ணுங்க!

லீவுக்கு வெளிநாடு போகலாம்னு வீட்டுல பேச்சு எடுத்தாலே முதல்ல அடிபடுற பேரு சிங்கப்பூர்தான். சென்னையிலயும் திருச்சியிலயும் நேரடி விமானம் இருக்கு, கொஞ்சம் கூட நாலு மணி நேரம், இறங்குனா தமிழ்லயே போர்டு. டிக்கெட்டுல 500 ரூபாய் குறையுதான்னு நாலு ஆப்ல மாத்தி மாத்திப் பார்ப்போம். ஆனா அங்க போய் கார்டைத் தேய்க்கும்போது சத்தமில்லாம போற ஆயிரக்கணக்கான ரூபாயை நம்மில் பலர் கவனிக்கிறதே இல்லை.

கணக்கைப் பார்த்துடலாம். ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு குடும்பம் அங்க 1,000 டாலர் செலவு பண்றாங்க, அதாவது 70,000 ரூபாய். சாதாரண கிரெடிட் கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்அப்னு ஒரு கட்டணம் இருக்கும், பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். 3.5-ன்னா 2,450 ரூபாய். அந்தக் கட்டணத்து மேல 18% ஜி.எஸ்.டி., அது 441 ரூபாய். ஆக மொத்தம் 2,891 ரூபாய். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவே வந்துடும்! இது பில்லுல தெரியாது, ஸ்டேட்மென்ட் வரும்போதுதான் தெரியும்.

இதைத் தவிர்க்க ரெண்டு வழி. மார்க்அப் இல்லாத கார்டு சில வங்கிகள்ல கிடைக்குது. இல்லைன்னா ஃபாரெக்ஸ் கார்டு வாங்கி, கிளம்புறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர் டாலரா லோடு பண்ணிக்கலாம். லோடு பண்ற அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான், அப்புறம் டாலர் ஏறினாலும் கவலை இல்லை. ஆனா கார்டு கொடுக்கும்போது ரேட்டை மட்டும் கேட்காதீங்க. வாங்குற கட்டணம், ரீலோடு கட்டணம், ஏ.டி.எம். கட்டணம், மிச்சப் பணத்தைத் திருப்பி ரூபாயாக்கும்போது என்ன ரேட், எல்லாத்தையும் கேட்டுக்கோங்க. "ஜீரோ மார்க்அப்"னு பெருசா போட்டுட்டு ரேட்டுலயே லாபத்தை வச்சுடுறது இந்தத் தொழில்ல சகஜம்.

என்னோட யோசனை: ரெண்டு வெவ்வேறு வங்கியோட கார்டு எடுத்துக்கோங்க. ஒண்ணு கணவர் கையில, ஒண்ணு மனைவி கையில. பர்ஸ் தொலைஞ்சா மொத்தக் குடும்பமும் நடுத்தெருவுல நிக்கக் கூடாது இல்லையா?

ஹோட்டல்ல செக்-இன் பண்ணும்போது டெபாசிட்டுன்னு ஒரு தொகையை கார்டுல பிளாக் பண்ணுவாங்க. அதுக்கு கிரெடிட் கார்டையே கொடுங்க. ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தா உங்க சொந்தப் பணம் மாட்டிக்கும், விடுவிக்க சில நாள் ஆகலாம். அதே கிரெடிட் கார்டுல ஏ.டி.எம்.ல மட்டும் பணம் எடுத்துடாதீங்க. கட்டணம் தனி, வட்டியும் எடுத்த நாள்ல இருந்தே ஓட ஆரம்பிச்சுடும்.

"ரூபாயிலயே போடட்டுமா சார்?"

இந்தக் கேள்வியைக் கடையில கண்டிப்பா கேட்பாங்க, இல்லைன்னா மெஷின்ல திரையில வரும். நம்ம ஊரு பணம்னு பார்த்ததும் ஒரு நிம்மதி வரும், டக்குனு "ஓகே" அமுக்கிடுவோம். அமுக்காதீங்க! அந்த ரேட்டை முடிவு பண்றது உங்க வங்கி இல்லை, கடைக்காரரோட மெஷின் கம்பெனி. பெரும்பாலும் ரேட் மோசமா இருக்கும். இதுக்கு மேல, வெளிநாட்டுல நடந்த பரிவர்த்தனைன்னு சில வங்கிகள் தனியா ஒரு கட்டணமும் போடும். எப்பவும் சிங்கப்பூர் டாலர்லயே போடச் சொல்லுங்க. ஏ.டி.எம்.லயும் இதே கதைதான்.

இன்னொண்ணு. 2020-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புது கார்டுகள்ல வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப்லதான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடி வங்கி ஆப்ல போய் ஆன் பண்ணுங்க, லிமிட்டையும் உங்க பட்ஜெட்டுக்கு ஏத்த மாதிரி வைங்க. ஓ.டி.பி. வர உங்க இந்திய சிம் உயிரோட இருக்கணும். அங்க போய் லோக்கல் சிம் போட்டுட்டு இந்திய சிம்மைக் கழட்டி வச்சுட்டா ஓ.டி.பி. எங்க வரும்?

ரொக்கமும் கொஞ்சம் வேணும். ஹாக்கர் சென்டர்ல எல்லா ஸ்டாலும் நம்ம கார்டை வாங்காது. ஏர்போர்ட் கவுன்டர்ல மாத்துறதை முடிஞ்சவரை தவிருங்க. ஊர்லயே ரெண்டு மூணு இடத்துல ரேட் கேட்டு வாங்கிக்கலாம். ரொக்கமா வெளிநாட்டு நோட்டு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான். இந்திய ரூபாய் 25,000 வரை எடுத்துட்டுப் போகலாம்.

டூர் பேக்கேஜ்ல போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பில்லுல டி.சி.எஸ்.னு ஒரு தொகை சேர்த்து வாங்குவாங்க. இது செலவு இல்லை, உங்க பான் எண்ணுல வரவு வைக்கப்படுற முன்கூட்டிய வரி. சதவீதம் பட்ஜெட்டுல மாறிட்டே இருக்கு, புக் பண்ற அன்னைக்கு என்னன்னு கேளுங்க. முக்கியமானது யாரோட பான் கொடுக்கிறீங்கங்கிறதுதான். வரியே கட்டாத அப்பாவோட பான் கொடுத்தா, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவர் ரிட்டர்ன் தாக்கல் பண்ணியாகணும்.

அப்பா அம்மா கூட வர்றாங்களா?

அப்படின்னா பயணக் காப்பீட்டை டிக்கெட் புக் பண்ற ஆப்ல ஒரு டிக் அடிச்சு முடிச்சுடாதீங்க. இந்தப் பதிவுலயே பெரிய பணம் இங்கதான் இருக்கு. நம்ம ஊர் ஹெல்த் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். சிங்கப்பூர்ல தனியார் ஆஸ்பத்திரியில நாலு நாள் படுத்தா, மொத்தக் குடும்பத்தோட டூர் செலவை விட அந்த பில் பெருசா இருக்கும்.

சுகர், பி.பி. இருக்குன்னா அதை விண்ணப்பத்துல மறைக்கவே மறைக்காதீங்க. "பிரீமியம் ஏறிடும், போடாதீங்க"ன்னு ஏஜென்ட் சொன்னாலும் கேட்காதீங்க. மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். சொன்னா மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை கொடுப்பாங்கன்னு பாலிசியில படிங்க. பல பாலிசிகள்ல உயிருக்கு ஆபத்தான நிலைமைக்கு மட்டும்தான், அதுவும் ஒரு சின்ன உச்சவரம்போட. பிரீமியம் 200 ரூபாய் கூடினாலும் இந்த வரம்பு பெருசா இருக்கிற பாலிசியை எடுங்க. அவங்க உதவி எண்ணை எல்லார் போன்லயும் சேவ் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில சேர்க்கிற நேரத்துலயே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாதான் கேஷ்லெஸ் வசதிக்கு வழி பிறக்கும்.

மாத்திரைகளை கைப்பையில வைங்க, டாக்டர் சீட்டோட. சொந்த உபயோகத்துக்கு மூணு மாசத்துக்கான மருந்து வரைதான் கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி சிலதுக்கு சிங்கப்பூர்ல முன்அனுமதி வேணும். மகன் வீட்டுக்குன்னு அம்மா மசாலா கட்டினா அதுல கசகசா இல்லாம பாருங்க, அங்க அதுக்குத் தடை. சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது.

பாஸ்போர்ட்ல ஆறு மாசம் மிச்சம் இருக்கணும், விசா முன்னாடியே எடுத்துடணும். எஸ்.ஜி. அரைவல் கார்டை இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். இது முழுக்க இலவசம், காசு கேட்கிற வெப்சைட்னா அது அரசு தளம் இல்லை.

அங்க 100 டாலருக்கு மேல ஷாப்பிங் பண்ணினா 9% ஜி.எஸ்.டி.யில பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். கடையிலயே பாஸ்போர்ட் காட்டிச் சொல்லுங்க, கிளம்பும்போது சாங்கி ஏர்போர்ட் கியாஸ்க்ல முடிச்சுக்கோங்க. வரிசை இருக்கும், அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

ஊர் திரும்பினதும் வங்கி ஆப்ல அந்த இன்டர்நேஷனல் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. ஃபாரெக்ஸ் கார்டுல மிச்சம் இருந்தா, சும்மா கிடந்தா கட்டணம் பிடிக்கிற கார்டான்னு பார்த்து எடுத்துடுங்க. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நீங்களே வச்சுக்கலாம், அதுக்கு மேல இருந்தா 180 நாளுக்குள்ள வங்கியிலயோ அங்கீகாரம் பெற்ற பணமாற்று நிறுவனத்துலயோ திருப்பிக் கொடுக்கணும்.