திரையிலே பழங்கணிப்பொறி

ஆம்பூர்த் தோல் பதனிடும் சாலைகளிலே எத்துணைச் சாயமும் மெருகும் ஏற்றினும், கால்நடை உயிரோடிருந்த காலத்தில் முள் கீறிய வடு தோலினின்று எளிதில் மறைவதில்லை. எதிர்காலத்தைக் காட்டும் திரைப்படங்களும் அத்தகையனவே. பீட்டர் ஹையாம்ஸ் இயக்கி 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ‘2010’ என்னும் ஆங்கிலப் படத்தில், ஃபிளாய்டு என்னும் அறிஞர் கடற்கரையில் அமர்ந்து கணிப்பொறியை இயக்குகிறார். கதை நிகழ்வதோ 2010இல். கருவியோ 1984லேயே கடைக்கு வந்த ஆப்பிள் டூ-சி என்னும் வீட்டுக் கணிப்பொறி! அதன் எடை ஏறத்தாழ 3.4 கிலோ, உள்ளே மின்கலமும் கிடையாது. அம்மணற்பரப்பில் மின்சாரம் எங்ஙனம் வந்ததோ!

ஆயினும், மாணவர்களே, நகைத்து ஒதுக்கிவிடாதீர்கள். கணிப்பொறியை மேசையினின்று எடுத்துச் சென்று வேண்டுமிடத்தில் பணிபுரியலாம் என்ற கருத்துப் பிழைபடவில்லை. உண்மையான 2010 வந்தபோது, மடிக்கணினியில் மட்டுமன்றி உள்ளங்கைக் கைப்பேசியிலும் மக்கள் அதனைச் செய்துகொண்டிருந்தனர்.