வினைச்சொல் பட்டியலுக்கு நான் கொடுத்த விலை

பிரிட்டனில் நர்ஸ் வேலைக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் கணக்கு மனப்பாடம்: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. எனக்கு மற்ற மூன்றும் வந்துவிட்டன. எழுத்தில் மட்டும் 6. அந்த அரை மதிப்பெண்ணுக்காக மறுபடி பரீட்சைக் கட்டணம் கட்டினேன். எனக்கென்று பேசி வைத்திருந்த வேலை வேறொருத்திக்குப் போனது. கோச்சிங் சென்டரில் கொடுத்த ஒரு பட்டியல்தான் இதற்குக் காரணம் என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

'அட்வான்ஸ்டு வெர்ப்ஸ்' என்று தலைப்புப் போட்ட ஜெராக்ஸ் தாள்கள். இடப்பக்கம் ஆங்கில வினை, வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். மருந்துக்குக்கூட ஒரு வாக்கியம் கிடையாது. "சின்ன வெர்ப் போட்டால் மார்க் வராதும்மா" என்று சார் தினமும் சொல்வார். டியூட்டி முடிந்த களைப்போடு அத்தனையையும் உருப்போட்டேன்.

அந்தத் தாளில் டிடீரியரேட், எக்ஸாசர்பேட் இரண்டுக்கும் 'மோசமாக்கு' என்றே இருந்தது. அதை நம்பி, 'ஸ்மோக்கிங் டிடீரியரேட்ஸ் த லங்ஸ்' என்று பயிற்சிக் கட்டுரையில் எழுதினேன். சார் டிக் போட்டார். ரிசல்ட் வந்தபின் அதே நோட்டைப் பார்த்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் முதலில் சுழித்தது அந்த வரியைத்தான். டிடீரியரேட் என்பது தானாக மோசமாவது. நோயாளியின் நிலை டிடீரியரேட் ஆகும். ஏற்கெனவே இருக்கும் கோளாறை இன்னொன்று கூட்டிவிட்டால்தான் எக்ஸாசர்பேட்: புகை ஆஸ்துமாவை எக்ஸாசர்பேட் செய்யும். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்த எவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும் விஷயம். அதைச் சொல்லித்தரத்தான் பணம் வாங்கினார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. அதில் ஒன்று சொல்வளம். சொல் அரியதா என்று மட்டும் பார்ப்பதில்லை, பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். எரடிகேட், எலிமினேட் இரண்டுக்கும் எங்கள் தாளில் 'ஒழி'. மருத்துவத்தில் அப்படியா? உலகத்திலேயே இல்லாமல் போனது பெரியம்மை. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது எரடிகேஷன். போலியோ இல்லை என்று இந்தியா 2014-ல் சான்று பெற்றாலும் வேறு நாடுகளில் அது இருக்கிறது, ஆகவே நம் நாட்டைப் பொறுத்து அது எலிமினேஷன்.

தமிழில் டாக்டரும் ஆபரேஷன் பண்ணுவார், நோயாளியும் பண்ணிக்கொள்வார். ஆங்கிலத்தில் டாக்டர் செய்வது பெர்ஃபார்ம், நோயாளிக்கு அண்டர்கோ. ஆய்வு என்றால் கண்டக்ட், குற்றம் என்றால் கமிட், மருந்து கொடுப்பது அட்மினிஸ்டர். எந்த வினை எந்தப் பெயரோடு சேரும் என்பதுதான் படிப்பு.

அகராதி வாங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தொகுத்து, 1942-ல் அங்கேயே முதலில் வெளிவந்த அகராதியின் வழிவந்தது அது. வினை தனித்து நிற்குமா, செயப்படுபொருள் கேட்குமா, பின்னால் என்ன ஒட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காட்டியிருப்பார்கள். டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வராது என்பதை நான் அதில்தான் பார்த்தேன்.

நோட்டில் வினைக்கு மூன்று வரி போதும்: யார் செய்வது, எதைச் செய்வது, அன்று வார்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம். நைட் டியூட்டியில் பி.பி. எல்லாம் பார்த்து முடித்து வார்டு அடங்கியதும் எழுதிவிடலாம். வேலையை விட்டுவிட்டுப் படி என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை, விடாததுதான் சரி. கேஸ் ஷீட்டில் கிடைக்கும் வினைகள் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

அடுத்து எழுதியபோது எழுத்தில் 7 வந்தது. அந்தக் கட்டுரைகளில் நான் போட்டவை பெரும்பாலும் ரெட்யூஸ், காஸ், ப்ரிவென்ட் போன்ற சாதாரண வினைகள்தான்.

நீங்கள் கோச்சிங் சேரும் முன், அவர்கள் தரும் தாளிலிருந்து ஒரு வினையைக் காட்டி, "இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.