பாடம் 6: பிள்ளையை வைத்துக்கொண்டு வாரத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போவது?

முகாமில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருந்தார்கள். லயத்துக்குத் திரும்பிய மறுநாளே பெரட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. கடனும் இருக்கிறது, பாய், சட்டி முதற்கொண்டு வாங்கவேண்டும். அதனால் பலர் யோசிக்காமல் ஆறு நாளும் வேலைக்குப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு மாலை நேரம் கணவனும் மனைவியும் வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. இப்போது உங்களுக்குக் கிடைப்பது வேறாக இருந்தால் அந்தத் தொகையை வையுங்கள். நான்கு வாரத்தில் 24 நாள் வேலை செய்தால் 32,400 ரூபா. வாரம் நான்கு நாள் என்றால் 16 நாளுக்கு 21,600. வித்தியாசம் 10,800. பிள்ளையைப் பார்ப்பவருக்கு நாளுக்கு 300 ரூபா கொடுப்பதாக வைத்தால், அதில் 2,400 கழிந்து 8,400 மிஞ்சும். இது சிறிய தொகை இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்கு சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேராது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆனால் அரைப்பேரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனம் கொழுந்தில் நிற்காமல், நிறை குறைந்து, ஆறு நாளில் இரண்டு நாள் அரைப்பேர் விழுந்தால் கையில் வருவது ஐந்து நாள் சம்பளம்தான். ஐந்து நாள் முழுப்பேர் எடுத்து ஒரு நாள் வீட்டில் நின்றாலும் அதே காசு.

இறப்பரும் தேயிலையும் உள்ள தோட்டங்களில் இன்னொரு வழி உண்டு. பால் வெட்டுகிறவர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கொழுந்து நிற்பதில்லை. ஆகவே மழை நாளில் பிள்ளையோடு இருக்கவேண்டியவர் தகப்பன். (அன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போவது பிறகு ஆகட்டும்.)

இதைக் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததை நீங்கள் அறிவீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேறவேண்டும். தாயும் தகப்பனும் மலையில் நிற்க, வெளியேறச் சொன்னால் பிள்ளையின் கையைப் பிடிப்பது யார்? அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடியாத வீட்டில், எச்சரிக்கை வந்த நாளில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கேளுங்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், நாளுக்கு இரண்டு முறை பாலூட்டப் போகச் சட்டத்தில் நேரம் உண்டு. பிள்ளைக்காம்பரா உள்ள தோட்டத்தில் ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி நேரம், இல்லாத தோட்டத்தில் ஒரு மணி நேரம். அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக அரைப்பேர் போட்டால் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

எடுத்த முடிவை ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். சம்பளத் துண்டு வந்ததும் அரைப்பேர் எத்தனை என்று எண்ணிவிட்டு மறுபடி பேசுங்கள்.